ஏடும் கையும்: பல்கலைக்கழகக் கல்வியிற் செய்முறைப் பயிற்சி பற்றிய வரலாற்று நோக்கு

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தே சவளக்கடையை அடைதல் வேண்டும். மாரி காலத்தில் வெள்ளம் தாம்போதியை மேவிப் பாயும்போது இரு கரைக்கும் இடையிலான போக்குவரத்துத் தடைப்பட்டுவிடும். கிழக்கே கடலோரமாக மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எனத் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் நெருங்கி வாழும் பழைய ஊர்கள் உள்ளன. மேற்கே பரந்த வயல்வெளிகளும், 1949 இல் ஆரம்பமான கல்லோயாத் திட்டத்தின் பயனாய் எழுந்து இன்றும் இலக்கங்களாலேயே வழங்கப்படும் கொலனிகளும் உள்ளன. நெசவு, மீன்பிடி, நெல் வேளாண்மை ஆகிய மூன்று தொழில்களும் ஒருநாள் நடைத்தொலைவுக்குள் அமைந்த பிரதேசம் இது. இங்கிருந்து பல்கலைக்கழகம் புகும் இளைஞர் தொகை இன்று சிறிதன்று. வயலிலும் தறியிலும் அடுப்படியிலும் இவர்களுடைய பெற்றோர் ஈட்டிய அறிவுக்கும், இவர்கள் விரிவுரை மண்டபத்திற் பெறும் அறிவுக்கும் இடையே உள்ள உறவு யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த வினா.

பல்கலைக்கழக மாணவர்க்குச் செய்முறைப் பயிற்சி வேண்டும் என்ற குரல் அண்மைக்காலத்தில் ஓங்கி ஒலிக்கின்றது. முயற்சியாண்மைப் பயிற்சி முதலாக ஆரோக்கிய உணவுத் தயாரிப்பு ஈறாகப் பல துறைகள் இதன்கீழ்ப் பேசப்படுகின்றன. புதிய கண்டுபிடிப்பொன்று போல இது முன்வைக்கப்படினும் இதற்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. அவ்வரலாறு பெரும்பாலும் தோல்விகளின் வரலாறாகவே அமைந்தது. அத்தோல்விக்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம், நம்மவர் உடலுழைப்பை இழிவாகக் கருதி அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றனர் என்பதாகும். மேடைகளில் எளிதாகக் கைதட்டல் பெறும் இக்கருத்து வரலாற்றுச் சான்றுகளோடு பொருந்துவதாக எமக்குத் தோன்றவில்லை.

முதலில் மருத்துவக் கல்வியை நோக்குவோம். சத்திரசிகிச்சை நிபுணர் தம் கைகளாலே தொழில் புரிபவர். இரத்தமும் சீழும் அவர்தம் அன்றாடப் புழக்கத்துக்குரியவை. ஆயினும் அவரை எவரும் கைவேலைக்காரர் என்று குறைத்துப் பேசுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தபோதும், 1870 இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும், நோயாளியின் கட்டிலருகே நின்று தொட்டுப் பார்த்துக் கற்பதே கல்வியின் நடுநாயகமாயிருந்தது. அதற்கு எதிராகப் பெற்றோர் எவரும் கிளர்ந்தெழவில்லை. தம் பிள்ளை அப்பயிற்சியின் முடிவில் எங்குப் போய்ச் சேரும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். செய்முறைப் பயிற்சியை மக்கள் ஏற்பதும் மறுப்பதும் அது அவர்களை எவ்விடத்திற் கொண்டு சேர்க்கின்றது என்பதைப் பொறுத்தது. இவ்வுண்மையை மனங்கொண்டு ஏனைய துறைகளைப் பார்த்தல் நன்று.

கொழும்புத் தொழினுட்பக் கல்லூரி 1893 இலே தொடங்கப்பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ்செய்த பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இல் வந்தது. அதிலிருந்தே 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. கைக்கு ஒரு நிறுவனம், ஏட்டுக்கு வேறொரு நிறுவனம் என்ற பிரிவு இவ்வாறு தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது. பின்னையது ஆட்சியாளரையும் நிருவாகிகளையும் உருவாக்கும் இடமாகவும், முன்னையது அவர்தம் ஆணையை நிறைவேற்றுவோரைப் பயிற்றும் இடமாகவும் கருதப்பட்டன.

இப்பிரிவினையைத் தம் வாழ்வாலே கடந்த ஒருவரை இக்கரையோரமே தந்தது. சவளக்கடையிலிருந்து அதிக தொலைவில் அமையாத காரைதீவில் 1892 இலே பிறந்த சுவாமி விபுலானந்தர் பண்டிதராகவும் துறவியாகவும் கவிஞராகவும் போற்றப்படுகின்றார். அவர் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று டிப்ளோமாப் பெற்றவர் என்பது விழா மேடைகளில் அத்துணை நினைக்கப்படுவதில்லை. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தவர் பௌதிகமும் கணிதமும் கற்றவராயிருந்தமை தற்செயலான செய்தியன்று. 1947 இல் வெளிவந்த யாழ்நூல் இதற்குச் சான்று. மறைந்துபோன ஓர் இசைக்கருவியை இலக்கியத்தில் வரும் சொற்களைக்கொண்டு மட்டும் அவர் மீட்க முனையவில்லை. நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணித்தார். அக்கணிப்பின்படி யாழ்கள் செய்விக்கப்பட்டு, திருக்கொள்ளம்பூதூரில் நிகழ்ந்த அரங்கேற்றத்தில் இசைக்கவும்பட்டன. பாடலின் பொருள் சரியா பிழையா என்பதை மரமும் நரம்பும் ஒலித்துக்காட்டிய ஆராய்ச்சி அது. தமிழ்த்துறைகள் அவரைக் கொண்டாடின. அவருடைய முறையைப் பின்பற்றின என்று சொல்வதற்கில்லை. யாழைக் குடைந்த தச்சர்களை நாம் நினைப்பதேயில்லை என்பதையும் இங்குக் கூறிவைத்தல் தகும்.

பாடசாலைகளின் கதைக்கு வருவோம். 1930களின் தொடக்கத்தில் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸ என்னும் கிராமத்தை நடுவாகக்கொண்டு கிராமியக் கல்வித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. கல்வியமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அதனை ஆதரித்தார். தோட்டஞ்செய்தல், கைப்பணி, சுகாதாரம், கிராம வாழ்க்கை பற்றிய ஆய்வு ஆகியன பாடங்களோடு இணைக்கப்பட்டன. 1937 இல் வார்தாவிலே காந்தியடிகள் கூட்டிய மாநாட்டின் பின் உருவான ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு இது சில ஆண்டுகள் முந்தியது. 1922 இல் சிறீநிகேதனத்தை நிறுவிய தாகூர் 1934 இல் இலங்கைக்கு வந்து ஹொரணையிலே சிறீபாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியதும் இதே காலத்தில்தான். எனவே கருத்தளவில் எமது நாடு பின்தங்கியிருந்தது எனல் பொருந்தாது.

ஆனால் ஹந்தெஸ்ஸத் திட்டம் நிலைபெறவில்லை. அதன் காரணத்தைக் கல்விமுறையிலே தேடுதல் வீண். அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் வாங்கின, உத்தியோகத்துக்கு வழிவிட்டன. சுயபாஷைப் பாடசாலைகள் கட்டணம் வாங்கவில்லை, அங்குப் படித்தோருக்கு உயர் உத்தியோகத்துக்கு வழியுமில்லை. மண்வெட்டியும் கைத்தறியும் இரண்டாவது வகைப் பாடசாலைகளுக்கே வந்துசேர்ந்தன. கொழும்பின் பெருங்கல்லூரிகளில் எவரும் பாத்திகட்டப் பணிக்கப்படவில்லை. தன் பிள்ளை வயலிலிருந்து மீளட்டும் என்று பாடசாலைக்கு அனுப்பிய ஏழை விவசாயி, அப்பாடசாலையே பிள்ளையை வயலுக்குத் திருப்பியனுப்புவதைக் கண்டபோது ஐயுற்றான். அந்த ஐயம் உழைப்பின்மீது கொண்ட வெறுப்பன்று. சமூக ஏணியின் எந்தப் படியில் யார் நிறுத்தப்படுகின்றனர் என்பதை அவன் சரியாகவே கணித்திருந்தான். கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943 இல் வெளியிட்ட அறிக்கை இலவசக் கல்விக்கு வழிகோலியதால் நிலைத்த புகழ் பெற்றது. அதே அறிக்கை பிள்ளைகளை மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்ப விழைந்தது. அவற்றுள் ஒன்று செய்முறைப் பாடசாலை. மக்கள் இலவசக் கல்வியை இருகரம் நீட்டி ஏற்றனர், செய்முறைப் பாடசாலையை ஏற்கவில்லை. தெரிவு அவர்களுடையதாயிருந்தபோது அவர்கள் எதைத் தெரிந்தனர் என்பது கவனித்தற்பாலது.

1971 ஏப்ரில் கிளர்ச்சி ஆளும் வர்க்கத்தை அதிரவைத்தது. படித்தும் வேலையற்றிருந்த கிராமப்புற இளைஞரே அதில் முன்னின்றனர். அவ்வாண்டிலே சர்வதேசத் தொழில் தாபனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைவாய்ப்புக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது. இதன் பின்னணியில், பதியுதீன் மஹ்மூத் கல்வியமைச்சராயிருந்த காலத்தில், 1972 இலே கல்விச் சீர்திருத்தம் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடவிதானம் வகுக்கப்பட்டது. அதில் தொழில்முன்னிலைப் பாடங்கள் கட்டாயமாக்கப்பட்டன. க.பொ.த. சாதாரண தரத்தின் இடத்திலே தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ் நிறுவப்பட்டது. விவசாயம், மரவேலை, நெசவு, மனையியல், மீன்பிடி முதலியவற்றிலிருந்து பாடசாலை தன் சூழலுக்கு ஏற்றதைத் தெரியலாம். பிள்ளைகள் தம் ஊர்த்தொழிலை நேரிற் கண்டு விவரமாக எழுதவும் வேண்டும்.

இச்சீர்திருத்தத்துக்கு முந்திய திட்டங்களிலில்லாத ஒரு சிறப்பு இருந்தது. கொழும்புப் பிள்ளையும் கொலனிப் பிள்ளையும் ஒரே பாடத்தைப் படிக்க வேண்டியிருந்தது. மருதமுனைப் பாடசாலையொன்று நெசவைத் தெரிந்தால் ஊரே ஆய்வுகூடமாகிவிடும். பாவு ஓட்டுவதிலும் சாயம் இடுவதிலும் கரை வடிவமைப்பதிலும் எத்துணைக் கணிதமும் இரசாயனமும் அடங்கியுள்ளன என்பதைத் தறியில் அமர்ந்தவர் அறிவர். ஆயினும் குறைகள் பலவிருந்தன. ஆசிரியர்க்குப் போதிய பயிற்சியில்லை, கருவிகள் வந்துசேரவில்லை, பல பாடசாலைகளில் செய்முறை என்பது குறிப்பெழுதிப் பாடமாக்கும் மற்றொரு பாடமாயிற்று. தறியையே காணாமல் தறியின் பாகங்களை ஒப்புவித்த மாணவரும் உண்டு. யாவற்றுக்கும் மேலாக, பல்கலைக்கழக அனுமதி இப்பாடங்களைக் கணக்கிலெடுக்கவில்லை. 1970களில் அனுமதிக்கான தரப்படுத்தலும் 1974 இன் மாவட்ட ஒதுக்கீடும் பெரும் அரசியற் கொந்தளிப்பை உண்டாக்கின. தமிழ் மாணவர் பலரை அவை புண்படுத்தின. அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சில கதவுகளைத் திறந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. அப்போட்டி முழுவதும் மருத்துவ, பொறியியற் பீடங்களின் சில இடங்களுக்காகவே நிகழ்ந்தது. ரொனால்ட் டோர் 1976 இலே சான்றிதழ் நோய் பற்றி எழுதிய நூலில் இலங்கையையும் ஓர் எடுத்துக்காட்டாக ஆராய்ந்தமை வியப்புக்குரியதன்று.

1977 இல் ஆட்சி மாறியது. தொழில்முன்னிலைப் பாடங்களும் புதிய சான்றிதழும் கைவிடப்பட்டன. அதே ஆண்டிலே திறந்த பொருளாதாரக் கொள்கை புகுத்தப்பட்டது. இறக்குமதித் துணிகள் சந்தையில் வந்து குவிந்தன. பாதுகாப்பின் நிழலில் வளர்ந்த கைத்தறி நெசவு நாடெங்கும் தளர்ந்தது. மருதமுனையும் அதற்கு விலக்கன்று. கல்வி வரலாறு எழுதுவோர் முதலாவது நிகழ்ச்சியைக் கூறுவர், பொருளாதார வரலாறு எழுதுவோர் இரண்டாவதைக் கூறுவர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் எமக்கு இன்றியமையாததாய்த் தோன்றுகின்றது. ஊர்த்தொழிலைப் படிக்கும் பாடமும் ஊர்த்தொழிலின் சந்தையும் ஒரே ஆண்டிலே அடிபட்டன. பாடம் நீடித்திருப்பினும், தளர்ந்துவரும் தறிக்கு எந்தத் தாய் தன் மகனை விரும்பி அனுப்பியிருப்பாள்? செய்முறைக் கல்வியின் ஊழ் வகுப்பறைக்கு வெளியே முடிவாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பல்கலைக்கழகங்களுக்குள்ளே நிகழ்ந்தவற்றுள் இரண்டு எடுத்துக்காட்டுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது கட்டுபெத்தை. 1960 இல் கனடிய உதவியுடன் செய்முறைத் தொழினுட்ப நிறுவகம் என்ற பெயரில் அது தொடங்கியது. 1966 இலே இலங்கைத் தொழினுட்பவியற் கல்லூரியாயிற்று, 1972 இல் பல்கலைக்கழக வளாகமாயிற்று, 1978 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. படி ஏற ஏறச் 'செய்முறை' என்ற சொல் பெயரிலிருந்து உதிர்ந்துபோனமையைக் காண்க. நிறுவனங்களும் மனிதரைப் போலவே தம் பிறப்பை மறைக்க விரும்புகின்றன போலும்.

இரண்டாவது பேராதனை விவசாய பீடம். அதன் மாணவர் மகாஇலுப்பள்ளமையிலுள்ள துணைவளாகத்தில் ஓர் அரையாண்டு தங்கிப் பயிர்செய்யும் வழக்கம் பல்லாண்டுகளாக நிலவுகின்றது. வரண்ட வலயத்து மண்ணில் உழுது, விதைத்து, நீர்பாய்ச்சி, களைபிடுங்கி, அறுவடைவரை காத்திருக்க வேண்டும். பயிர் கருகினால் விடைத்தாளில் எழுதிச் சமாளிக்க வழியில்லை. நகரத்து வைத்தியரின் மகளும் கிராமத்து விவசாயியின் மகனும் ஒரே வெயிலில் நிற்கின்றனர். பட்டத்தின் மதிப்பு இதனாற் குறைந்ததாக எவரும் கூறியதில்லை. ஹந்தெஸ்ஸவில் ஐயத்தை எழுப்பிய மண்வெட்டி இங்கு ஐயத்தை எழுப்பாமைக்குக் காரணம், அது எல்லார் கையிலும் கொடுக்கப்பட்டதும், அதன் முடிவில் மதிப்புள்ள பட்டமொன்று இருந்ததுமாகும். மருத்துவத்திற் கண்டதே இங்கும் காணப்படுகின்றது. தமிழ்நாட்டிலும் இத்தகைய முயற்சி ஒன்று நிலைத்தது. 1947 இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் 1956 இல் கிராமிய நிறுவனமாகி, 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபோதும் கிராமத்தோடு கொண்ட தொடர்பைக் கைவிடவில்லை.

இனி எமது பிரதேசம். வந்தாறுமூலையில் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. உள்நாட்டுப் போரும், 1990 இன் பின் தமிழ், முஸ்லிம் மக்களிடையே நேர்ந்த துயர்மிக்க பிளவும் மாணவரை வடக்கு, கிழக்கு வளாகங்களிலிருந்து பெயர்த்தன. இச்சூழலிலே அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டு, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் அதன் தலைமை வளாகமும் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடமும் அமைந்தன. கலையும் முகாமைத்துவமும் முதலில் வந்தன. பொறியியற் பீடமும் தொழினுட்பவியற் பீடமும் 2010க்குப் பின்னரே வந்தன. நெல்லும் மீனும் நெசவும் சூழ்ந்த இடத்தில் இவ்வரிசை அமைந்ததைக் குறையாகச் சொல்லவில்லை. ஆய்வுகூடமின்றித் தொடங்கக்கூடியவை அவையே. ஏழைப் பிரதேசத்துக்குக் கல்வி வரும் வரிசை எப்போதும் அதுதான்.

2013 இலே உயர்தரத்திற் புகுத்தப்பட்ட தொழினுட்பப் பிரிவு இளைஞர் சிலருக்குப் புதுவழி காட்டிற்று. முகாமைத்துவ மாணவர்க்கு முயற்சியாண்மை ஒரு பாடமாயிற்று. இச்சொல் எமக்குச் சிறிது தயக்கத்தைத் தருகின்றது. 2017 இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பிலும் காரைதீவிலும் வீதியோரத்திலே மாதக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். விபுலானந்தர் பிறந்த ஊரிலே பட்டதாரிகள் வேலை கேட்டு வெயிலில் அமர்ந்திருந்த காட்சி எம் மனத்தை விட்டகலாதது. அவர்களிடம் 'நீங்களே தொழில் தொடங்குங்கள்' என்று கூறுவது எளிது. மூலதனமும் காணியும் சந்தையும் யாருடைய கையில் உள்ளன என்று கேளாமற் கூறப்படும்போது, அது அரசின் பொறுப்பை இளைஞரின் தோளுக்கு மாற்றும் தந்திரமாகிவிடுகின்றது. முயற்சியாண்மையைக் கற்பிக்க வேண்டாம் என்பது எமது வாதமன்று. மருதமுனை நெசவாளர் நூலை எவ்விலைக்கு, யாரிடம், எத்துணைக் கடனுக்கு வாங்குகின்றார். சாரம் ஒன்றின் விலையில் அவர் கூலி எவ்வளவு, இடைத்தரகர் பங்கு எவ்வளவு. இவற்றை மாணவர் நேரிற் கணக்கெடுத்து எழுதுவாராயின் அது முயற்சியாண்மைப் பாடமாகவும் அரசியற் பொருளாதாரப் பாடமாகவும் ஒருங்கே அமையும்.

அடுப்படியைப் பற்றியும் ஒரு சொல். பல்கலைக்கழக மாணவர் சமையல் கற்பது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். பெண்பிள்ளைகளுக்குரிய மனையியல் என்று ஒதுக்கப்பட்ட துறை இது. ஆனால் போசாக்கு விஞ்ஞானத்தின் பெரிய உண்மையொன்று கோழிக்கு இட்ட சோற்றிலிருந்து பிறந்தது. 1890களில் யாவாவிலே கிறிஸ்தியான் ஐக்மன், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் பெரிபெரி போன்ற நோயால் நடக்கமாட்டாது தள்ளாடுவதையும், தவிடு நீங்காத அரிசியை உண்டவை தேறுவதையும் கண்டார். அவ்வழியே சென்ற ஆராய்ச்சி உயிர்ச்சத்துகளைக் கண்டறிந்தது. 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரிசி ஆலைகளும் நெல்வயல்களும் சூழ்ந்த சம்மாந்துறையில், தவிட்டின் கதையை இரசாயன ஆய்வுகூடத்திலும் சோற்றுப்பானையிலும் ஒருசேரக் கற்பிக்கத் தடையாயிருப்பது எது? நீரிழிவு வீட்டுக்கு வீடு பேசப்படும் இந்நாளில் தீட்டாத சிவப்பரிசியும் குரக்கனும் இலைக்கஞ்சியும் ஆண், பெண் இருபாலார்க்கும் உரிய அறிவு. வாடகை அறைகளிற் பாணும் பருப்பும் உண்டு காலங்கழிக்கும் மாணவர்க்கு அது அவசரமான அறிவுமாகும்.

பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களம் நடத்தும் ஹெல பொஜுன் விற்பனை நிலையத்திலும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள அம்மாச்சி உணவகத்திலும் கிராமப் பெண்கள் அரிசிமா, குரக்கன்மா, உள்ளூர்க் கீரை ஆகியவற்றாற் பலகாரமும் உணவும் செய்து விற்கின்றனர். கணக்கும் சுகாதாரமும் சுவையும் வருமானமும் ஒரே அடுப்பில் ஒன்றுசேரும் இடங்கள் அவை. முயற்சியாண்மையும் ஆரோக்கியச் சமையலும் வெவ்வேறு பாடங்களல்ல என்பதை அப்பெண்கள் எவ்விரிவுரையுமின்றிக் காட்டிவருகின்றனர். இரண்டும் பல்கலைக்கழகங்களின் அயலிலே அமைந்துள்ளன. மாணவர் அங்கு நாள்தோறும் செல்கின்றனர், விலைகொடுத்து உண்டு திரும்புகின்றனர். மேசையின் மறுபுறத்தே நிற்கும் பெண்ணைத் தம் ஆசிரியராகக் கொள்வதற்குப் பாடவிதானத்தில் இடமில்லை. பட்டமில்லாதவருக்கு விரிவுரைக் கொடுப்பனவு வழங்க நிதிவிதிகளும் எளிதில் இடந்தருவதில்லை.

சென்ற நூற்றாண்டின் திட்டங்களனைத்தும், பயிற்சியை மேலிருந்து கீழே கொடுக்கும் பொருளாகவே கருதின. அமைச்சு கொடுத்தது, ஆசிரியர் கொடுத்தார், பிள்ளை பெற்றது. நெசவாளரும் கரைவலைத் தலைவரும் வட்டவிதானையும் தாம் அறிந்ததைப் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கும் ஏற்பாடு பரந்த அளவில் இன்னும் செய்துபார்க்கப்படவில்லை. கிட்டங்கிக்கு மேற்கே ஒரு போகத்தின் நீரைக் கணித்துப் பங்கிடும் விவசாயிகள் உள்ளனர். கிழக்கே மருதமுனையில் இன்னும் சில தறிகள் ஓடுகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போர் பலர் முதியோர். அவர்களுள் எவருடைய பிள்ளையேனும் இன்று ஒலுவிலில் இரசாயனமோ முகாமைத்துவமோ கற்றுக்கொண்டிருக்கலாம். அப்பிள்ளையின் பட்டப்படிப்பு முடிய நான்காண்டு செல்லும். தறி அதுவரை ஓடுமா என்பதை நெசவாளர்தாம் கூறமுடியும்.